ஒன்பதாவது பாட்டு

என் தம்பி மகள் செல்வப்பிரியாவின் வளைகாப்பில் அவளைப் பெற்றவளே பாடக் கூடாது என்று சம்பந்தி வீட்டார் நிபந்தனை விதித்தார்கள். அதற்கு ஒப்புக்கொண்டவள் நான். முருகேஸ்வரியிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்திருந்தது, ஆகவே கேட்கவில்லை.

முருகேஸ்வரி என் தம்பி ராஜசேகரின் மனைவி. பள்ளிவாசல் என்ற ஊரின் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவள். எங்கள் சித்திரபுரத்திலிருந்து மாட்டுப்பட்டி வரை அவளைப்போல் பாடுகிறவர் இல்லை. தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் பிள்ளை பிறந்தாலும், பெண் பெரியவளானாலும், முதியவர் இறந்தாலும் முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். தாலாட்டு, நலங்கு, ஒப்பாரி எல்லாவற்றுக்கும் அதே தொண்டைதான். அந்தத் தொண்டைக்கும் அவள் மனத்துக்கும் இடையில் கதவு மட்டும் வைக்கப்படவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செல்வப்பிரியாவின் திருமணம் மாப்பிள்ளையின் ஊரான கொல்லங்கோட்டில் நடந்தது. மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் மாட்டுப்பட்டி மாட்டுப்பண்ணையில் வேலை பார்ப்பவன். சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துச் செல்லும் வேலையில் இருந்தாள் எங்கள் பெண். பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. மாப்பிள்ளையின் தாய் கமலாத்தாள், வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டை ஒற்றை ஆளாக நிர்வகிக்கும் பெண்மணி. திருமணத்தன்று எஸ்டேட்டிலிருந்து சென்ற நாற்பத்திரண்டு பேரையும் மூன்றாம் பந்தியில்தான் உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு பந்திகளில் தீர்ந்துபோன சாம்பாரில் வெந்நீர் ஊற்றிப் பெருக்கியிருந்தார்கள். நானும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் கை கழுவினேன்.

முருகேஸ்வரி பேசாமல் இருக்கவில்லை. மாலை நலங்கின்போது மைக்கைக் கையில் வாங்கினாள். நலங்கில் எதிர்வீட்டாரைக் கேலி செய்து பாடுவது எங்கும் உள்ள வழக்கம்; ஒருவரும் தவறாக எண்ணுவதில்லை. அவள் பாடியது இது:

மூணாம் பந்தி சாம்பாருல
மொகம் பாத்தோம் சம்மந்தி
மொகம் தெரிஞ்சுது எங்களுக்கு - ஒங்க
மனம் தெரிஞ்சுது சம்மந்தி

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பந்தலோடு முடிந்திருந்தால் அது கேலியாகவே இருந்திருக்கும். ஆனால் நான்கு தென்னைமரங்களில் நான்கு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டிருந்தன. கமலாத்தாளோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் வயலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். இன்றுவரை அந்தப் பக்கத்தில் தண்ணீராக இருக்கும் எந்தக் குழம்பையும் 'சம்மந்தி சாம்பார்' என்றே சொல்கிறார்களாம்.

ஆகவே, வளைகாப்புக்கு அழைத்தபோது கமலாத்தாள் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்:

"ஏனுங்க சம்மந்தி, நாங்க முப்பது பேரு வர்றமுங்க. வேனு பேசியாச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. அந்தம்மா மைக்கைத் தொடக்கூடாதுங்க."

"அவ மக வளைகாப்புக்கு அவ பாடாம எப்படிங்க?"

"தொட்டாங்கன்னா நாங்க வேன் ஏறிருவமுங்க. புள்ளையையுங் கூட்டிட்டுப் போயிருவமுங்க. பேறுகாலம் எங்கூட்டுலயே நடக்கட்டும்."

வளை அடுக்கிய பிறகு பெண்ணைத் தாய்வீட்டில் விட்டுச் செல்வதுதான் முறை. முதல் பிரசவம் தாயின் பக்கத்தில் நடக்க வேண்டும். அதற்காகவே முருகேஸ்வரி ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். எனவே, "தொட மாட்டா. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, விருந்தினர் அறையில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம் செய்தியைச் சொன்னேன். நான் எஸ்டேட் மருத்துவமனையின் பதிவறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். மூட்டுவலியால் கொழுந்து வேலையை விட்ட பிறகு அந்த அறைகளை முருகேஸ்வரிதான் கவனிக்கிறாள்.

அவள் போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"மதினி, நான் பாடினதுல பொய் உண்டுமா?"

"இல்லை."

"பொறவு?"

"உண்மையா பொய்யாங்கிறது இப்ப கேள்வி இல்லை, முருகேஸ்வரி. மக உன்கூட இருக்கணுமா வேண்டாமா?"

அவள் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

"எட்டு வருஷம் கோயில் கோயிலாப் போயிப் பெத்த மக. வயித்துல இருக்கும்போது எம்பாட்டைக் கேட்டுத்தான் ஒதைப்பா. அவ பிள்ளைக்கு நான் பாடக் கூடாது. சரி. வாயப் பொத்திக்கிடுதேன்."

அதற்குப் பிறகு மூன்று நாள்கள் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறு எதையும் என்னிடம் பேசவில்லை. அறை பெருக்கும்போது எப்போதும் கேட்கும் முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. வீடு சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

பாடாத வளைகாப்பு எங்கள் பக்கத்தில் கிடையாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வளைச் சத்தமும் பாட்டுச் சத்தமும் சேர்ந்து கேட்க வேண்டும். என்ன பாட்டு என்பதை நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. திரைப்பாடல்களை நான் அனுமதிப்பதில்லை. பக்திப் பாடல் போட்டால் எந்தக் குலதெய்வம் முதலில் என்று இரு வீட்டாருக்கும் பேச்சு வளரும். யாரையும் புண்படுத்தாத பாட்டு வேண்டும். ஒருவருக்கும் பொருள் விளங்காத பாட்டு யாரையும் புண்படுத்தாது என்று முடிவு செய்தேன். அப்படிப்பட்ட குறுந்தகடு ஒன்று என் அலமாரியில் இருந்தது.

மார்கழி மாதத்தில் அயர்லாந்திலிருந்து பிரிஜிட் என்ற பெண்மணி வந்து பதினொரு நாள்கள் தங்கியிருந்தார். தம் ஊரில் மிதிவண்டியில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் காலையில் எங்கள் கூடத்துப் பாட்டுப்பெட்டியில் அந்தக் குறுந்தகட்டைப் போட்டுக் கேட்பார். அறையைப் பெருக்கிக்கொண்டே முருகேஸ்வரியும் கேட்பாள். அது நுவாலா டெவ்லின் என்ற அயர்லாந்துப் பாடகியின் புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்பு. பதினான்கு பாடல்கள், ஐம்பத்தெட்டு நிமிடங்கள். உறையில் தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலையுணவின்போது பிரிஜிட் அந்தப் பாடகியைப் பற்றிச் சொன்னார். நான் முருகேஸ்வரிக்குத் தமிழில் சொன்னேன். அனாதை விடுதியில் பிள்ளைகளை அடித்ததை நுவாலா மேடையிலேயே, விடுதியை நடத்திய பெரிய மனிதர்களின் பெயர்களோடு சொல்லிவிட்டாள். கூட்டம் கூச்சலிட்டு அவளை இறக்கிவிட்டது. வானொலிகள் அவள் பாட்டை நிறுத்தின. பல ஆண்டுகளுக்குப் பின் அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று விசாரணையில் தெரிந்தது. அவள் இறந்த மறு ஆண்டு இந்தத் தொகுப்பு வெளிவந்து எல்லாக் கடைகளிலும் விற்றது.

முருகேஸ்வரி தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கயில மைக்கைப் புடுங்கிட்டு, செத்த பொறவு பொட்டியில போட்டு வித்தாகளாக்கும்! நல்ல ஊரு."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிரிஜிட் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஊருக்குப் புறப்பட்ட நாளில் அந்தக் குறுந்தகட்டை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வளைகாப்புக்கு முந்தைய நாள் நிகழ்ச்சி வரிசையை ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தேன். பத்தரைக்கு வேப்பிலைக் காப்பு. அப்போதே குறுந்தகடு தொடங்க வேண்டும். பிறகு மாப்பிள்ளையின் அத்தைமார், நாத்தனார்மார், பதினொன்றுக்கு மாமியார், கடைசியில் லயத்துப் பெண்கள். பதினொன்றரைக்குப் பாட்டும் வளையும் ஒன்றாக முடியும். தாளை ராஜசேகரிடம் கொடுத்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். பாட்டுப்பெட்டி அவன் பொறுப்பு.

முருகேஸ்வரி மூன்று நாள் மௌனத்தைக் கலைத்தது அப்போதுதான்.

"மதினி, அந்த ஒம்பதாவது பாட்டை மட்டும் எடுத்துருங்க."

"ஏன்?"

"அது ஒப்பாரி."

"உனக்கு எப்படித் தெரியும்? அது ஆங்கிலம்கூட இல்லை, அவங்க தாய்மொழி. உறைக்குள்ள இருக்கிற சின்னப் புத்தகத்துல மத்தப் பாட்டுக்கெல்லாம் எழுத்து புரியுது. அதுக்கு மட்டும் எனக்கே ஒரு சொல் தெரியலை."

"சொல்லு எதுக்கு? மேளமில்லாம தனிச்சுப் பாடுதா. வரி முடியுற எடத்துல மூச்சு எடுக்க மாட்டேங்கா. நடுவுல ஒடைச்சு எடுக்கா. அழுதுக்கிட்டே பாடுறவதான் அப்படி எடுப்பா. நான் எத்தனை எழவுல எடுத்திருக்கேன்!"

"பாட வேண்டாம்னு சொன்ன கோபத்துல பேசாதே. ஒருத்தர் யோசிச்சு வரிசைப்படுத்தின பதினாலு பாட்டுல ஒண்ணை உருவினா அது தொகுப்பே இல்லை. முதல்லருந்து கடைசி வரைக்கும் அப்படியே போகட்டும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "போகட்டும்" என்றாள்.

கொல்லங்கோட்டு வேன் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகச் சனிக்கிழமை மாலையே வந்து சேர்ந்தது. கமலாத்தாள் இறங்கியதும் குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முருகேஸ்வரியைப் பார்த்து, "நல்லா இருக்கறீங்களா?" என்றார். "இருக்கேன்" என்றாள் இவள். மறுநாள் காலை வரை இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி ஒன்பது மணிக்கே விலகிவிட்டது. முற்றத்தில் போட்ட பந்தலில் செல்வப்பிரியா பச்சைப் பட்டுடுத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டுகளில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் அடுக்கியிருந்தன. முருகேஸ்வரியைச் சந்தனக் கிண்ணத்தோடு பந்தலின் பின்மூலையில் நிறுத்தியிருந்தேன். மைக்கிலிருந்து மிகத் தொலைவான இடம் அது. செல்வப்பிரியா இரண்டு முறை திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

பத்தரைக்கு முதல் பாட்டு தொடங்கியது. கித்தாரும் பெண் குரலும் பந்தலில் பரவின. கொல்லங்கோட்டுப் பெண்களுக்குப் பிடித்திருந்தது.

"வெள்ளைக்காரிச்சி பாட்டுங்களா?"

"ஆமாங்கறேன்! நம்மூருல ஆரு ஊட்டுல இப்படிப் போட்டாங்க?"

கமலாத்தாளின் முகத்தில் நிறைவு தெரிந்தது. வளைகள் ஒலித்தன, சந்தனம் பூசினார்கள், யாரோ செல்வப்பிரியாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பெண்தான் என்றார், யாரோ ஆண்தான் என்றார். எல்லாம் என் தாளின்படி நடந்தது. தாளின்படி நடந்ததாலேயே, எட்டாவது பாட்டு முடிகிற நேரத்தில் மாமியார் வளையல் தட்டைக் கையில் எடுத்தார்.

ஒன்பதாவது பாட்டு தொடங்கியது. கித்தார் இல்லை. அந்தக் குரல் மட்டும் தாழ்வாக எழுந்தது, ஏறியது, ஏறும் வழியில் உடைந்து மூச்செடுத்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் லயத்துப் பெண்களில் இருவர் தம்மை அறியாமல் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்கள்.

கமலாத்தாளின் கையில் இருந்த சிவப்பு வளையல் செல்வப்பிரியாவின் விரல்நுனியிலேயே நின்றது.

"ஏனுங்க சம்மந்தி, இதாரு எழவுக்குங்க பாடறாங்க?"

"அது... வேற நாட்டுப் பாட்டுங்க" என்றேன்.

"எந்த நாடா இருந்தா என்னங்க? எழவு எழவுதானுங்க. எங்கம்மா போனப்ப நான் கேட்டதுங்க இது!"

செல்வப்பிரியா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். ராஜசேகர் பதறிப்போய்ப் பாட்டுப்பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டான். குரல் உச்சியில் அறுந்தது.

"ஐயோ, நிறுத்தாதீங்க!" என்று பின்மூலையிலிருந்து முருகேஸ்வரி கத்தினாள். "ஒப்பாரியைப் பாதியில விடலாமா? மிச்சம் எங்க போய் நிக்கும்?"

இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லயங்களில் தொடங்கிய ஒப்பாரியை நடுவில் விடுவதில்லை. பாடுகிறவள் அதை இறுதிவரை கொண்டுபோவாள். பிறகு அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். தண்ணீரால் வாய் கொப்பளிப்பாள். அப்போதுதான் பாட்டு மூடப்பட்டதாகப் பொருள். மூடாத ஒப்பாரி அடுத்த ஆளைத் தேடும் என்பார்கள். நான் இவற்றை நம்புகிறவள் அல்ல. ஆனால் அந்தப் பந்தலில் ஏழு மாதக் கர்ப்பிணியின் முகம் வெளுத்திருந்தது. அதை நம்ப வேண்டியிருந்தது.

"திரும்பப் போடட்டுமா?" என்று ராஜசேகர் கம்பியும் கையுமாகக் கேட்டான்.

"போட்டா மொதல்லருந்து வரும்" என்றாள் முருகேஸ்வரி. "ஒரே வீட்டுல ரெண்டு தரம் தொடங்குவீகளா?"

எல்லாரும் கமலாத்தாளைப் பார்த்தார்கள். வேன் வாசலில் நின்றது. அவர் வளையலைத் தட்டில் வைத்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன், எழுந்தால் என் தம்பி மகளும் அவரோடு போவாள், காரணம் நான்.

"அந்தம்மா சொல்றது நெசந்தானுங்க" என்றார் கமலாத்தாள். "எங்கம்மா எழவுல பாடிட்டிருந்த கெழவிக்கு இருமல் வந்து பாதியில நின்னுபோச்சுங்க. மூணு மாசம் எங்கூட்டுல ஒருத்தரும் தூங்கலீங்க." பின்மூலைப் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்களுக்கு இந்தப் பாட்டுத் தெரியுமுங்களா?"

"வார்த்தை தெரியாது. ராகம் தெரியும். பதினோரு நாளு கேட்டிருக்கேன்."

"அப்ப வந்து முடிச்சு வையுங்க."

முருகேஸ்வரி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ராஜசேகர் மைக்கை நீட்டினான். அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

"அதை அங்கிட்டு வைங்க. நான் மைக்கைத் தொட்டா சம்மந்தி வேன் ஏறிருவாகளாம்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டார்கள். கமலாத்தாள் சிரிக்கவில்லை.

"வேன் டிரைவரு டீ குடிக்கப் போயிருக்கறானுங்க. நீங்க பாடுங்க."

அவள் மைக் இல்லாமலே பாடினாள். பாட்டு எந்த இடத்தில் அறுந்ததோ அதே உச்சியில் எடுத்தாள். சொற்கள் இல்லை, குரல் மட்டும். நான் அந்தப் பாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அது யாரோ ஒருவரைப் பறிகொடுத்தவளின் பாட்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் தாண்டி, பெயர் தெரியாத ஒருவருக்காக அழுத அழுகையை, சித்திரபுரத்தில் ஒருத்தி எடுத்து, இறக்கி, தரையில் வைத்தாள். கமலாத்தாளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும் நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பெயர்களைச் சொன்னாள்.

"செல்வப்பிரியா இருக்கா. சிவப்பிரகாஷ் இருக்காக. ராஜசேகர் இருக்காக. ராமுத்தாய் மதினி இருக்காக." சற்று நிறுத்தினாள். "கொல்லங்கோட்டுக் கமலாத்தா இருக்காக. வயித்துல இருக்கிறது இருக்கு. எல்லாரும் இருங்க."

பந்தலுக்கு வெளியே போய் வாய் கொப்பளித்துத் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், உட்காரும் முன்பே அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டாள்:

வேப்பிலைக் காப்பு ஒண்ணு
வெள்ளிக் காப்பு ஒண்ணு
கொல்லங்கோட்டு அப்பத்தா போடும்
கண்ணாடிக் காப்பு ஒண்ணு

கண்ணாடிக் காப்புக்குள்ள
காத வச்சுக் கேளு கண்ணே
அப்பத்தா ஏறும் வேனுச் சத்தம்
அங்க எங்கயும் கேக்குதான்னு

பந்தல் சிரிப்பால் அதிர்ந்தது. லயத்துப் பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். செல்வப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள், "அத்தை, ஒதைக்குது! ஒதைக்குது!" என்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உதைத்தது உண்மைதான். முருகேஸ்வரி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மொதப் பந்தி ஒங்களுக்கு
மூணாம் பந்தி எங்களுக்கு
சாம்பாரு மட்டும் இன்னைக்கு
சம்மந்தி, ஒரே அண்டா!

கைதட்டல் நின்றது. சிவப்பிரகாஷ் தாயின் பக்கம் பார்க்காமல் பந்தல் துணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கமலாத்தாள் தட்டிலிருந்து சிவப்பு வளையலை மீண்டும் எடுத்தார். செல்வப்பிரியாவின் கையில் அதை நிதானமாக ஏற்றினார். ஒன்று, பிறகு இன்னொன்று. ஏற்றி முடித்த பிறகு பேசினார்.

"அன்னிக்கு நீங்க பாடினதுல பொய்யில்லீங்க. நாலு மரத்துல கொழாயக் கட்டிப் பாடினதுதானுங்க தப்பு."

"கட்டினது நாங்க இல்லையே, சம்மந்தி" என்றாள் முருகேஸ்வரி.

"நாங்கதானுங்க கட்டினோம். அதான் இன்னும் வயிறு எரியுதுங்க."

முதலில் சிரித்தவர் கமலாத்தாள்தான் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் என் தாளில் குறிப்பு எதுவும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாட்டுப்பெட்டியை அதன்பிறகு யாரும் இயக்கவில்லை. பத்து முதல் பதினான்கு வரையிலான பாடல்கள் ஒலிக்காமலே போயின. பதினொன்றரைக்கு முடிய வேண்டியது பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் பந்தி என்று நான் எழுதியிருந்தேன். இலை போட்டு, கமலாத்தாளை அழைத்தேன்.

"நீங்க மத்தவங்களை உக்கார வையுங்க. நான் கடைசில உக்காந்துக்கறனுங்க" என்றார்.

"வரிசை எழுதியிருக்கேன், சம்மந்தி. உங்க எலை தலைவாழை."

"உங்க வரிசையாலதானுங்க எழவுப் பாட்டு எங்கையில வந்து நின்னுச்சு. இதையாச்சும் என்னிஷ்டத்துக்கு உடுங்க."

நான் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் மூன்றாம் பந்தியில், லயத்துப் பெண்கள் நடுவே உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டிருந்த முருகேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சாம்பார் வாளியை நான் எடுத்துச் சென்றேன். ஊற்றப் போன கரண்டியை அவர் கையால் தடுத்து நிறுத்தி, குனிந்து அதற்குள் பார்த்தார். பந்தி முழுவதும் கையை இலையில் வைத்தபடி காத்திருந்தது.

"மொகம் தெரியலீங்க" என்றார். "கெட்டியாத்தான் இருக்குது. ஊத்துங்க."

வேன் மூன்று மணிக்குப் புறப்பட்டது. அதற்கு முன்பு முருகேஸ்வரியும் நானும் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஒன்பதாவதை எடுக்கச் சொன்னே. நான் கேக்கலை. தப்பு என்னோடது."

"நீங்க கேட்டிருந்தா நான் பாடியிருக்க முடியுமா, மதினி?" என்றாள் அவள். "அந்த மூடி எங்க? பெரிய அண்டா மூடி."

மூடி அவள் காலடியிலேயே இருந்தது.

கமலாத்தாள் எங்களைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, அந்தப் பாட்டுத் தட்டை எனக்குக் குடுப்பீங்களா? ஆடியில எங்கம்மாளுக்குத் திதி வருதுங்க. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒருத்திக்கும் பாடத் தெரியலீங்க. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அந்தப் பொம்பள நல்லாப் பாடறாங்க."

பரிசாக வந்த பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பது முறையன்று. ஆனாலும் அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். உறையில் அந்தப் பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை எடுத்து, பின்னட்டையில் பாடல் வரிசைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் தெளிவான எழுத்தில் எழுதினேன்: 'ஒன்பதாவது பாட்டைச் சுப காரியங்களில் போடக் கூடாது.'

முருகேஸ்வரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பாதியில நிறுத்தவும் கூடாதுன்னு எழுதுங்க, மதினி."

அதையும் எழுதினேன். வேன் கிளம்பியது. செல்வப்பிரியா வாசலில் எங்களோடு நின்று, இரு கை வளையலும் ஒலிக்கக் கையசைத்தாள்.